இரண்டாம் பம்பில் மீன் வாடை

அஞ்சலாட்சியின் மூக்கை நம்பாதவர்கள் முத்தியால்பேட்டையில் கிடையாது. அவள் அம்மா கூடையில் மீன் விற்றவள். வஞ்சிரம் காலையில் பிடித்ததா, ஐஸில் இரண்டு நாள் கிடந்ததா என்று மகள் எட்ட நின்றே சொல்லிவிடுவாள். கெமிஸ்ட்ரி படித்து, ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் லேப் வேலைக்குப் போய் ஒன்பது வருடம் கழித்துத்தான் அந்த மூக்கைக் கேலி செய்ய ஒரு ஆள் வந்து சேர்ந்தார். மேனேஜர் கலைவாணன்.

அந்தத் தொழிற்சாலையில் பாய்லர் புகையை அப்படியே வெளியே விடுவதில்லை. உயரமான ஒரு கோபுரத்துக்குள் அமீன் என்ற திரவத்தை மழைபோலக் கொட்டுவார்கள். புகையிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை அது பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். வாயு சோடா கம்பெனிக்குப் போகும், திரவம் பம்ப் வழியாகத் திரும்பவும் கோபுரம் ஏறும். சாம்பிள் எடுத்துச் சோதிப்பது அஞ்சலாட்சியின் வேலை. அமீன் கசிந்தால் மீன் வாடை அடிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஒரு நாள் காலை இரண்டாம் பம்ப் பக்கத்தில் அந்த வாடை வந்தது. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், ரெண்டாம் பம்ப்புல சீல் கசியுது. மீன் வாடை வருது. நிறுத்திப் பாக்கணும், இல்லன்னா யாரு மேலயாவது கொட்டிடும்."

கலைவாணன் சிரித்தார். "டிபன் பாக்ஸ்ல இன்னிக்கு என்னாம்மா?"

அறையிலிருந்த எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்று கிருத்திகை. அவள் வீட்டில் மீன் சட்டியையே தொடமாட்டார்கள்.

லாக் புத்தகத்தில் 'பம்ப் 2, மீன் வாடை' என்று எழுதினாள். பக்கத்திலேயே 'காரணம்: ஊழியர் உணவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார் அந்தப் பெரிய மனுஷர். மறுநாள் கேன்டீன் சுவரில் நோட்டீஸ்: கருவாடு கொண்டுவரக் கூடாது. பம்பின் சீல் வளையத்தைக் கழற்றிப் பார்க்க நேரமில்லாதவருக்கு நோட்டீஸ் ஒட்ட மட்டும் நேரம் எங்கிருந்து வந்ததோ! பம்பைப் பற்றிப் பேசப் போனவளிடம் அவள் பிறப்பையல்லவா இழுத்தார்!

மூன்றாம் நாள் சீல் பிய்த்துக்கொண்டது. கொதிக்கும் அமீன் ஃபிட்டர் கிருஷ்ணசாமியின் வலது கையில் கொட்டியது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கை முழங்கை வரை வெந்துபோனது.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். "அந்தப் பொண்ணு அழுத்திச் சொல்லல" என்றார் கலைவாணன், கூசாமல்.

அஞ்சலாட்சி லாக் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தாள். பையிலிருந்த டிபன் பாக்ஸையும் எடுத்து அவர் முன்னால் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

"மோந்து பாருங்க சார். இதான் கருவாடு. அன்னிக்கு நான் கொண்டாந்தது தயிர்சாதம். நான் சொன்ன வாடை வேணும்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. கிருஷ்ணசாமி அண்ணன் சட்டையில இன்னும் இருக்குது."