மேஜைக்கு வராத பத்திரிகை

போன வாரம் மதுரையில் ஒரு லைப்ரரி. படித்து முடித்த பத்திரிகையை ரேக்கில் வைக்கப் போனேன். லைப்ரரியன் ஓடி வந்து தடுத்துவிட்டார். படித்ததை மேஜையிலேயே போட்டுவிட வேண்டுமாம். அதை வைத்துத்தான் எந்தப் பத்திரிகை எவ்வளவு படிக்கப்படுகிறது என்று கணக்கெடுக்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கணக்கை நான் யுத்த காலத்திலேயே பார்த்தவனாயிற்றே!

அப்போது எனக்கு வாலிப வயது. சமயநல்லூரில் எங்களுக்கு ஒரு சின்ன வாசகசாலை. அதன் காரியதரிசி ரிடையரான போஸ்ட் மாஸ்டர். காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகை விலையெல்லாம் ஏறிவிட்டது... ஏதாவது ஒன்றை நிறுத்தியாக வேண்டும். எதை? படித்ததை மேஜையில் போடுங்கள், மேஜைக்கு வராததை நிறுத்திவிடுவோம் என்றார். போஸ்டாபீஸ் மூளை அல்லவா!

சினிமாப் பத்திரிகை தினமும் மேஜையில் கிடந்தது. விவசாய மாதப் பத்திரிகையோ ரேக்கை விட்டு இறங்கவே இல்லை. அதை நிறுத்தப்போவதாகப் போர்டில் எழுதிப் போட்டார்.

மறுநாளே மாயாண்டி அண்ணன் வந்து நின்றார். பருத்தி போட்டிருந்த சம்சாரி. இலையெல்லாம் சுருண்டுபோகிறதே, என்ன செய்ய என்று அந்தப் பத்திரிகையின் கேள்வி-பதிலுக்குக் கார்டு எழுதியிருந்தாராம். புது இதழ் வந்துவிட்டதா என்று தினமும் வந்து பார்ப்பாராம். இல்லையென்றால் பழையதையே மறுபடி படிப்பாராம். அந்தப் பருத்தியை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.

"படிச்சா மேஜையில போடச் சொன்னேன்ல?" என்று எரிந்து விழுந்தார் காரியதரிசி.

"சாப்பிட்ட எலையாய்யா அது, போட்டுட்டுப் போறதுக்கு? கண்ணுல ஒத்தி, எடுத்த எடத்துலயே வச்சுட்டுல்ல போவேன்."

 அன்று மத்தியானம் காரியதரிசி உட்கார்ந்து கவனித்தார். சினிமாப் பத்திரிகையால் இளவட்டங்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். சிலர் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினார்கள். எழுந்து போகும்போது மறக்காமல் மேஜையில் போட்டார்கள். மதிப்பாக வைத்தவன் கணக்கில் இல்லை, வீசிவிட்டுப் போனவன் இருக்கிறான் — கணக்கின் லட்சணம் எப்படி?

சினிமாப் பத்திரிகை நின்றது. அடுத்த விவசாய இதழில் மாயாண்டி அண்ணனுக்குப் பதில் வந்தது. பெயரோடு! புகையிலைக் கஷாயம் தெளிக்கச் சொல்லியிருந்தார்கள். நின்றபடியே இரண்டு தரம் படித்தார். கண்ணில் ஒற்றினார். பிறகு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று பருத்திக் காட்டுப் பக்கம் நடந்துவிட்டார். காரியதரிசி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் கணக்கெடுத்தார்கள். அந்த இதழை ஒருவர்கூடத் தொடவில்லையாம்!