பெண்கள் ஸ்டோருக்குப் போகக் கூடாது

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியில் கிளார்க்காக இருந்தேன். முப்பத்தைந்து வயது, மீசை, இரண்டு பிள்ளைகள். இந்த விவரமெல்லாம் பிற்பாடு எனக்கு எதிராகவே பயன்பட்டது.

சமையல்கட்டில் வேலை பார்த்த அக்கா ஒருவர், ஸ்டோர்கீப்பர் தன் மேலே கைவைக்கிறார் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது சின்ன தைரியமில்லை. மேனேஜர் மறுநாளே உத்தரவு போட்டார்: பெண்கள் யாரும் இனி ஸ்டோருக்குள் போகக் கூடாது, சாமான் எடுக்க ஆண்கள்தான் போகவேண்டும். ஸ்டோர்கீப்பர் இருந்த இடத்திலேயே இருந்தார். காலையில் சாமான் எடுக்கும் சோலி என் தலையில் விழுந்தது.

அந்த உத்தரவால் ஸ்டோர்கீப்பருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. பூம்பாறைப் பூண்டு மூட்டையை அவிழ்க்கக் குனிந்தேன். பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தார். கத்தினேனா? "அண்ணே, உருளைக்கிழங்கு எத்தனை கிலோ?" என்று கேட்டேன். பயத்தில் எனக்கு வந்த வீரவசனம் அதுதான். மறுநாளிலிருந்து இரண்டு ஸ்வெட்டர், மேலே கோட்டு, இடுப்பைச் சுற்றி மப்ளர். அதுவும் மே மாதத்தில். "காய்ச்சலா?" என்று எல்லோரும் விசாரித்தார்கள். உள்ளே போனதும் பெரிய பூசணிக்காயாக ஒன்றை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொள்வேன். முன்பக்கம் பத்திரம். பின்பக்கத்துக்கு என்ன செய்வது?

பத்து நாள் பொறுத்துவிட்டு மேனேஜரிடம் போனேன். சிரித்துவிட்டார். "ஏலே, நீ ஆம்பளதானே? அவன் சும்மா வெளையாடுறான். நீ ஊரையே கேலி பண்ணுவ, உன்ன ஒருத்தன் பண்ணக் கூடாதோ?"

எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். "இத எங்க வைக்கச் சொல்ற? உத்தரவு பொம்பளைங்களுக்குத்தான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அக்காவிடம் சொல்ல வெட்கம். மப்ளரைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்களையுமா தம்பி?" என்றார். சிரிக்கவில்லை. மறுநாள் வெள்ளனே நான் ஸ்டோருக்குள் போனபோது கூடவே வந்து நின்றார். ஸ்டோர்கீப்பர் கிட்டேயே வரவில்லை. தள்ளி நின்றே கேரட்டை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் நேரே மேனேஜரிடம் புகார் சொல்லப் போனார்.

மத்தியானமே அக்காவுக்கு மெமோ. உத்தரவை மீறி ஸ்டோருக்குள் நுழைந்தது ஏன்? இன்னொரு தடவை நுழைந்தால் வேலை இல்லை. கிளார்க் என்பதால் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளைக்கு உங்ககூட யாரு தம்பி வருவா?" என்று கேட்டார்.

ஏதாவது கேலியாகச் சொல்லப் பார்த்தேன்.

"பாத்துக்கிறேங்க்கா" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று அவரும் கேட்கவில்லை.