என் வீட்டுக்காரர் ஹப் வாங்கிய கதை

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வேலை முடிந்ததும், ஏறுவதற்குக் காத்திருக்கும் கூட்டத்தை ஒரு கையால் தடுத்து நிறுத்திவிட்டு, தான் மட்டும் ஏறி உச்சி மாடிவரை போய்த் திரும்புவார். கதவு திறந்ததும் வெளியே வந்து, "இனி ஏறலாம்" என்பார். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் இதுதான் வழக்கமாம். பழுது பார்த்தவன்தான் முதலில் ஏற வேண்டும். எங்கள் வீட்டில் உடைந்த நாற்காலிக்கு ஆணி அடித்தால்கூட முதலில் அவர்தான் உட்காருவார். நான் நின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

நாள் முழுக்க மேலே கீழே போய் வருகிற இந்த மனுஷனுக்கு பஸ் ஒரு வளைவு திரும்பினால் போதும், முகம் வெளுத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார். நான் நேர் எதிர். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுக்கிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே என் காலம் போகிறது. அந்த ஆமை வேகத்து எரிச்சலைத் தீர்க்க ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, லீவு நாளில் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறேன். ஓட்டுவது நான், கழற்றி மாட்டுவது அவர். இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்திலும் வராது என்று நானே சொல்லிக்கொள்வேன்.

போன தடவை டிராக்கின் கடைசி வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் வெறுமனே உள்ளே போய்விட்டது. இரண்டாவது மிதிக்குப் பிடித்தது, ஆனால் அதற்குள் வண்டி சறுக்கி ஓரத்து ஜல்லியில் புதைந்து நின்றது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. இவர் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். வந்தவர் அடிபட்டதா என்று கேட்டாரா? இல்லை. "பெடல் எவ்வளவு உள்ள போச்சு?" என்றார். வீடு வந்து சேரும்வரை அதையே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனுக்கு நான் முக்கியமா, பெடல் முக்கியமா?

கழற்றிப் பார்த்ததில் குற்றவாளி முன்சக்கரத்து ஹப். சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பாகம் அது, அதற்குள்தான் பேரிங். சாதாரண ரோட்டில் வருஷக்கணக்காக உழைக்கும். டிராக்கில் பிரேக் சூட்டுக்குக் கிரீஸ் உருகி, பேரிங்கில் ஆட்டம் விழுந்துவிடும். சக்கரம் ஆடினால் பிரேக் டிஸ்க்கும் ஆடும். அந்த ஆட்டம், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்க வேண்டிய பிரேக் பேடைத் தள்ளி விலக்கிவிடும். அப்புறம் முதல் மிதி வீண்தான். சரி, காரணம் தெரிந்துவிட்டது, புதுசு வாங்கி மாட்ட வேண்டியதுதானே? அங்கேதான் கூத்து ஆரம்பித்தது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. அவரிடம் மூன்று வகை இருந்தது. ஒன்று, வண்டியோடு வந்த மாதிரியே புதுசு. இன்னொன்று, திறந்து நாமே கிரீஸ் மாற்றி இறுக்கிக்கொள்வது. மூன்றாவது, ரேஸுக்கென்றே செய்த பெரிய பேரிங், சீல் வைத்து மூடியது.

"முதல் வகை போதுமா?" என்றார் இவர்.

"ஆமா சார், போதும்."

"சூடு தாங்காதே?"

"ஆமா, தாங்காது."

முதலில் ரேஸ் ஹப் வந்தது. மறுநாளே திரும்பிப் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியவில்லையாம். அடுத்து, திறந்து மாட்டுகிற வகை வந்தது. தான் இறுக்குவதில் ஒரு பொட்டு தப்பினாலும் ஆபத்தாம், அதுவும் போனது. சாதாரண வகை வந்து, சூட்டைக் காரணம் காட்டி அதுவும் போனது. பிறகு மறுபடி ரேஸ் ஹப். கார் ஷெட்டில் முன்சக்கரம் இல்லாமல் மரக்கட்டை மேல் நின்றது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நூறு பேர் ஏறுகிற லிஃப்டுக்குக் கண நேரத்தில் முடிவெடுக்கிறவர், ஒரு ஹப் வாங்க இந்தப் பாடு படுவானேன்?

வண்டியை விற்றுத் தொலைக்கப் பார்க்கிறார் என்று சந்தேகம் வந்தது. மாமியாரிடம் சொன்னேன். "அவன் செருப்பு வாங்கவே கடைகடையா ஏறி இறங்குவான், விடும்மா" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் செருப்புக்கு யாரும் தூக்கத்தில் முனகுவதில்லை.

டிராக் நாள் நெருங்கியது. சாயங்காலம் ஷெட்டுக்குள் போய் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நேரா சொல்லுங்க. நான் ஓட்டக் கூடாதுன்னா, ஓட்டாதன்னு சொல்லிடுங்க. எதுக்கு இந்தச் சப்பைக்கட்டு?"

அவர் கையிலிருந்த துணியால் சுத்தமான ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"எது வாங்குறதுன்னு நிஜமாவே தெரியல" என்றார். "லிஃப்டுன்னா நான் முதல்ல ஏறிப் பார்த்துடுவேன். விழுந்தா நான் விழுவேன். இதுல நான் மாட்டுவேன், நீ ஏறுவ. நான் வேலிக்கு வெளிய நின்னு பார்க்கணும். அன்னைக்குப் பார்த்தேனே."

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டேன். ஆனாலும் கோபத்தை விட்டுவிட மனசு வரவில்லை.

"அப்ப ஏறுங்க" என்றேன். "பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு."

"எனக்கு பஸ்ஸே ஒத்துக்காது."

"தெரியும்."

மறுநாள் காலையில் ஆமாஞ்சாமி கடைக்குப் போனவர், கேள்வி ஒன்றும் கேட்காமல் திறந்து மாட்டுகிற வகையை வாங்கி வந்தார். "உங்க கை தப்பிடும்னு சொன்னீங்களே?" என்றேன். "நான் ஏறுறதுக்கு என் கையைத்தான் நம்ப முடியும்" என்றார். எனக்கு அப்போதும் அந்தக் கணக்கு முழுசாகப் புரியவில்லை. சூடு தாங்கும் கிரீஸை விரலால் வழித்து வழித்து அடைத்தார், இறுக்கினார், சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், மறுபடி இறுக்கினார்.

டிராக்கில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் சுற்றிலேயே முகத்தில் ரத்தம் இல்லை. "நிறுத்தட்டுமா?" என்று கத்தினேன். தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிறாரா, வளைவில் தலை தானாக ஆடுகிறதா என்று தெரியவில்லை. பிரேக் நன்றாகச் சூடாகட்டும் என்று இன்னும் சில சுற்று ஓட்டினேன். பிறகு அந்தக் கடைசி வளைவுக்கு முழு வேகத்தில் வந்தேன்.

மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. வண்டி வளைவுக்குள் அடங்கி வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். பெடலே இல்லாத அந்தப் பக்கத்தில், அவர் வலது காலால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தார். நாளெல்லாம் நான் செய்கிற வேலை அது.

டிராக்கை விட்டு வெளியே வந்து நிறுத்தினேன். கதவைத் திறந்து வேலி ஓரம் ஓடிப்போய்க் குனிந்து வாந்தியெடுத்தார். தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வாய் கொப்பளித்தார், முகத்தைத் துடைத்தார். எனக்குப் பின்னால் இல்லாத ஒரு கூட்டத்தைத் தடுப்பது போல ஒரு கையை நீட்டி, நான் வண்டிக்குப் போக வழி விட்டு ஒதுங்கி நின்றார்.

"இனி ஏறலாம்" என்றார்.