பை முதலில் கிளம்பியது

குமராட்சிக்கார மங்கலத்துக்குத் துபாயைவிடச் சென்னைதான் தூரம். "சென்னையிலேர்ந்து இங்க மூவாயிரம் கிலோமீட்டரும்மா. ஃப்ளைட்ல நாலு மணி நேரம்" என்று மகள் கயல்விழி போனில் சொல்லியிருந்தாள். ஊரிலிருந்து சென்னைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேனில் ஆறு மணி நேரம்.

கயல்விழிக்கு மறுநாள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கிறார்கள். மருமகன் கப்பலில் இருக்கிறான். அங்கே அவளுக்கு வேறு யாருமில்லை. விசா அந்த வாரம்தான் வந்தது. மங்கலம் கடலூரைத் தாண்டியதில்லை. கணவன் போனபின் நடவு நட்டு மகளை நர்சிங் படிக்கவைத்தவள். கொள்ளிடம் ஊருக்குள் வந்த வருஷம், ஆம்பிளைகள் மேட்டில் நின்று பேசிக்கொண்டிருக்க, மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் முதலில் இறங்கியவள் என்று தெருவில் இன்னும் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். வேன் வரவோ பதினொன்று ஆகும். கொழுந்தன் கொளஞ்சியப்பன் வழக்கப்படி பத்தரைக்கு முன்னாலேயே அவள் பையை எதிர்வீட்டு ஜோதிலட்சுமியிடம் கொண்டுபோய் வைத்தார். நல்ல நேரத்தில் பை வாசல் தாண்டிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. ஏதோ ஒரு பை எதற்கு என்று, பாஸ்போர்ட் இருந்த பையையே எடுத்தார். வேன் வந்தது. வழியனுப்பச் சொந்தக்காரர்கள் முண்டியடித்து ஏறினார்கள். பை எதிர்வீட்டிலேயே இருந்துவிட்டது.

கடலூர் செம்மண்டலத்தில் டீக்கு நிறுத்தியபோதுதான் மங்கலம் கேட்டாள்: "பாஸ்போர்ட் பை எங்க கொளஞ்சி?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஜோதி வூட்ல அண்ணி..."

"என்னா மச்சான், பாஸ்போர்ட்ட வுட்டுட்டு ஒரு ஊரையே ஏத்திக்கினு வந்திருக்க!" டிரைவர் மணிவண்ணன் சிரித்தார்.

கொளஞ்சியப்பனுக்கு முகம் செத்துப்போனது. "சகுனம் சரியில்ல அண்ணி. திரும்பிப் போய் எடுத்துக்கினு மறுபடி கெளம்பினா ஆவாது. டிக்கெட்ட ரெண்டு நாள் தள்ளிப் போட்டுக்கலாம்."

மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

"பை கெளம்பினா நா கெளம்பின மாதிரின்னு நீதான சொன்ன? பை இன்னும் ஊர்லதான கெடக்குது. அப்ப நா இன்னும் கெளம்பவே இல்ல. ராகு காலமும் முடிஞ்சிபோச்சி."

"என்னா அண்ணி, வக்கீலு மாதிரி பேசுறீங்க?"

"புள்ள அங்க தனியா கெடக்குது. வேற எப்பிடி பேசச் சொல்ற?"

ஜோதிலட்சுமியின் கணவர் ராஜ்கமலுக்கு மங்கலமே போன் போட்டாள். "தம்பி, பைய எடுத்துக்கினு வண்டிய வுடு. செம்மண்டலத்துல நிக்கிறேன்."

பை வந்து சேர்ந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு, வேனுக்குள் தலையை நீட்டிச் சொன்னாள்: "எல்லாரும் எறங்குங்க."

"அண்ணி?"

"திண்டிவனத்துல சோறு, செங்கல்பட்டுல காபின்னு நிறுத்தினா ஃப்ளைட்டு போயிடும். பஸ்ஸ புடிச்சி ஊருக்குப் போங்க."

"ஏர்போர்ட்டுக்குள்ள தனியா எப்பிடிப் போவீங்க?"

"வாய் இருக்குதில்ல. கேட்டுக்கினு போவேன்."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மணிவண்ணன் மாட்டிவிட்ட சீட் பெல்ட்டைக் கழற்றி, தானே ஒருமுறை மாட்டிப் பார்த்தாள். "ஃப்ளைட்லயும் இதுமாதிரிதான இருக்கும்?"

வேன் எங்கும் நிற்கவில்லை. விமான நிலையத்தில் விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம், பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் வரிசையில் போய் நின்றாள்.