கொழுந்தன் சொன்ன சம்மதம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்துச் சொல்ற வேலைக்குச் சேர்ந்தேன். கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள், வங்காளம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கல்கத்தா பக்கமிருந்து வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கு நான்தான் வாய்.

இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க ஒண்ணு கவனிங்க. டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசினதை, கூட வந்த சொந்தக்காரர் ரெண்டே வார்த்தையில முடிச்சா, அங்க ஏதோ கோளாறு.

மாலதின்னு ஒரு சின்னப் பொண்ணு. கர்ப்பப்பையில கட்டி, மறுநாள் ஆபரேஷன். புருஷன் ஊரில. நான் லீவுல இருந்தப்போ, இங்கிலீஷ் தெரிஞ்ச கொழுந்தனே டாக்டர்கிட்ட பேசி, அவகிட்ட கைநாட்டும் வாங்கிட்டான். வார்டு ஆயா என் காதுல, "அக்கா, அந்தாளு அந்தப் பொண்ண வாயத் தொறக்கவே வுட மாட்டேங்கறான். இன்னாவோ கீது"ன்னா.

லீவு முடிஞ்சு வந்து கொழுந்தனைக் கேட்டா, "எல்லாம் சொல்லியாச்சு தீதி, அவளுக்குச் சம்மதம்"னான், அவங்க வழக்கப்படி அக்கான்னு கூப்பிட்டு. மாலதியும் தலையாட்டினா. நான் அதையெல்லாம் நம்பறவ இல்லை. புரிஞ்சுதான்னு யாரையும் கேக்கமாட்டேன். புரிஞ்சதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். டாக்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டேன்: "நாளைக்கு என்னம்மா பண்ணப் போறாங்க?"

"கட்டியை எடுப்பாங்க. அப்புறம் குழந்தை தங்கும்."

டாக்டருக்கு அதைச் சொன்னேன். டாக்டரம்மா முகம் வெளுத்துப்போச்சு. "கர்ப்பப்பையையே எடுக்கிறோம்னு அவன்கிட்ட தெளிவா சொன்னேனே!"

கொழுந்தன் என் பக்கம் குனிஞ்சான். "வீட்ல பெரியவங்க முடிவு தீதி. சொன்னா அழுவா. விட்டுடுங்க."

"அழட்டும்யா! அவ வயிறு, அவ அழக்கூடாதா?"

பையையே எடுக்கப் போறாங்கன்னு அவகிட்ட சொல்லிட்டேன். மாலதி அழலை. என்னை மேலும் கீழும் பார்த்தா. "எங்க வீட்டு மனுஷன் பொய் சொல்வானா? நீங்க யாரு?"

சுருக்குன்னு தைச்சது. ஆனா நியாயமான கேள்வி. "மேடம், படம் போட்டுக் காட்டுங்க"ன்னேன். டாக்டர் கர்ப்பப்பையை வரைஞ்சு, அதும்மேலயே பேனாவால குறுக்குக் கோடு போட்டு அடிச்சுக் காட்டினாங்க. மாலதி அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா.

"கட்டியை மட்டும் எடுக்க முடியாதா?"

"முடியும். ரத்தம் நிக்கலைன்னா பையையும் எடுக்க வேண்டிவரும்"னாங்க டாக்டர். ஒரு வார்த்தை விடாம அவகிட்ட சொன்னேன்.

"கட்டியை மட்டும் எடுங்க."

ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சதும் முதல் கேள்வி: "இருக்கா?"

"இருக்கு"ன்னேன். என்னை நம்பலை. டாக்டர் கையைப் பிடிச்சுத் தன் வயித்துமேல வச்சா. டாக்டருக்கு வங்காளம் தெரியாது. "இருக்கும்மா, பத்திரமா இருக்கு"ன்னாங்க தமிழ்ல. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ அழ ஆரம்பிச்சுட்டா.

என்னைச் சந்தேகப்பட்டாளேன்னு எனக்கு வருத்தமே இல்லை. கொழுந்தனையும் அப்படிச் சந்தேகப்பட்டிருந்தா விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.