முன்சீட்டுத் துண்டு

அமராவதிபுதூரில் காரைக்குடி மினி பஸ்ஸில் ஏறுகிறேன். முன்சீட்டில் கிடக்கும் துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்ததும் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுபோகிறது.

“எந்திரிங்கண்ணே. இன்னைக்கு மெகருன்னிசா அக்காவுக்கு டயாலிசிஸ். அவுக சீட்டு அது,” என்கிறார் கண்டக்டர்.

எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். கிளம்பும் நேரம் தாண்டியும் அக்கா வரவில்லை. கல்லூரிப் பெண்கள், கீரைக் கூடையோடு ஒருவர், யாரும் முணுமுணுக்கவில்லை. சென்னைக்காரன் நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

“அவங்க வரலைன்னா?”

கண்டக்டர் என்னை விநோதமாகப் பார்க்கிறார். “வரலைன்னா, வீட்டுல போய் என்னன்னு பாத்துட்டுத்தானே வண்டிய எடுக்க முடியும்?”

எங்கள் அபார்ட்மெண்டில் நான்கு நாள் ஒரு கதவு திறக்காவிட்டால் வாசலில் பால் பாக்கெட்டுகள்தான் சேரும்.

சந்திலிருந்து வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தியபடி அக்கா மெல்ல நடந்து வருகிறார். ஏறி உட்கார்ந்து, துண்டை மடித்து டிரைவரிடம் நீட்டுகிறார். டிரைவர் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுக்கிறார்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கிறார். ஊசித் தழும்பேறிய கையை நீட்டுகிறார்.

“நின்னுக்கிட்டே வாரீகளே தம்பி, பைய இங்குட்டுக் குடுங்க.”