இருநூற்றுப் பன்னிரண்டு மணி

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் சாலையில் தொழிற்சாலைகளைவிட ஜல்லி லாரிகள்தான் அதிகம். அந்த லாரிகளை எடை போடும் மேடையில் சீட்டு எழுதுவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எழுதவும் கூட்டவும் தெரிந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள்.

என் தம்பி நேர்மாறு. அரசாங்க உதவித்தொகையில் மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டப் படித்து, லைசென்ஸும் வாங்கிவிட்டான். வேலைதான் கிடைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில், லைனில் நின்று நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமையில் போய்க் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு வருவான்.

அவன் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் முதல் கேள்வி, "எவ்ளோ நேரம்டா மேல இருந்தே?" அவன் சொல்வதை, தனியாக ஓட்டினானா, ராத்திரியிலா என்பதோடு, பாழான எடைச் சீட்டின் பின்பக்கம் குறித்து, பழையதோடு கூட்டிவைப்பேன். எவ்வளவு நேரம் மேலே இருந்தானோ அவ்வளவு நேரம் விழாமல் இருந்திருக்கிறான். அந்தக் கணக்கைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

தனியார் விமானக் கம்பெனிகள் வரப்போகின்றன, விமானிகளுக்குத் தட்டுப்பாடு என்று அந்த வருஷம் பேப்பரில் போட்டார்கள். எனக்குத் தெரிந்த தட்டுப்பாடு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடுதான். கடையில் சரக்கு இருக்காது, வாசலில் வரிசை நிற்கும். இதென்ன தட்டுப்பாடு, சரக்கு எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று குழம்பினேன். தினமும் வரும் லாரி டிரைவர் ஒருவருக்கு இதுவே விளையாட்டு. "இன்னாக்கா, தம்பி ஏரோபிளேன எப்போ எட போட இட்டாரப் போவுது? மேட தாங்குமா?"

தம்பி ஒரு புதுக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டான். வீட்டில் போன் இல்லாததால் எடை மேடை நம்பரைக் கொடுத்திருந்தான். ஒருநாள் போன் அடித்தது. மேடைமேல் அந்த டிரைவரின் லாரி.

"மெட்ராஸ் ஆபீஸ்லேருந்து பேசறேம்மா. இந்த நம்பர் போட்டு விண்ணப்பம் குடுத்த பைலட்டுக்கு எத்தன மணி?"

சுவரைப் பார்த்தேன். "பதினொண்ணே கால் சார்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அது இல்லம்மா. அவரு எத்தன மணி நேரம் பறந்திருக்காரு? லைசென்ஸ் வெச்சிருக்கவங்க நெறைய பேர் இருக்காங்க. பறந்த மணி இருக்கறவங்கதான் கெடைக்கல. விண்ணப்பத்துல மழத்தண்ணி பட்டு எழுத்து அழிஞ்சிருக்கு. பன்னெண்டு மணிக்கு லிஸ்ட் பம்பாய்க்குப் போவுது. அவர கூப்பிட முடியுமா?"

தம்பி இருந்த இடத்துக்கு சைக்கிளில் போய்வரவே ஒன்றரை மணி நேரம் ஆகும். அவன் கணக்குச் சீட்டுகளைச் சேர்த்துவைக்கும் மேஜை டிராயரைத் திறந்தேன்.

"இருநூத்திப் பன்னெண்டு மணி, இருவது நிமிஷம் சார்."

"தனியா ஓட்டினது?"

"நூத்தி முப்பத்தெட்டு."

"ராத்திரில?"

"ஆறரை. அன்னிக்கெல்லாம் நான் சாப்பிடவே இல்ல சார்."

"கடைசியா எப்போ பறந்தாரு?"

"போன ஞாயித்துக்கெழம. நாப்பது நிமிஷம். மழ வந்துச்சின்னு எறங்கிட்டான். நல்லதாப் போச்சு."

மறுபடி சிரிப்பு. "நீங்க யாரும்மா, அவரோட செகரட்டரியா?"

"அக்கா சார்."

"எழுதிக்கிட்டேன். லாக் புக்கோட வியாழக்கிழம வரச் சொல்லுங்க. அதுல வேற கணக்கு இருந்தா அவ்ளோதான்."

சாயங்காலம் தம்பி, பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக்கைத் திறந்து என் சீட்டுகளோடு ஒப்பிட்டான். ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. "நீ பயந்ததெல்லாம் வீண் போவலக்கா," என்றான்.

வியாழக்கிழமை போனான். நேர்முகம், பரீட்சை, பறந்து காட்டுவது எல்லாம் முடிந்து, துணை விமானியாகப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். கடிதமும் எடை மேடை விலாசத்துக்குத்தான் வந்தது. அந்த டிரைவர் வந்தபோது கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இன்னாக்கா இது?"

"என் தம்பிக்கு வேல. மொதல்ல உன் வண்டிய ஓரங்கட்டுப்பா. மேலேருந்து பாத்தா எம்மாம் ஜல்லி ஏத்திக்கினு வர்றேன்னு அவனுக்கு நல்லாத் தெரியும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சேரப்பணஞ்சேரி திருப்பம்வரை ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார்.

இப்போது தம்பி கேப்டன். அவன் மணி ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டது. சீட்டில் இடம் போதாமல் பெரிய நோட்டுக்கு மாறிவிட்டேன். இறங்கியதும் அவனே போன் செய்து முதலில் அதைத்தான் சொல்கிறான்: "ரெண்டு மணி, பத்து நிமிஷம். எழுதிக்கக்கா. அப்புறம் போய் சாப்பிடு."